நடுப் பங்கு

உத்திரமேரூரில் பத்திரம் எழுதுகிற கன்னியப்பனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, சினிமா கொட்டகைப் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை போனால் அதிகம். அவர் மனைவி ஆண்டாளம்மாள் மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "குடிக்கிறவனுக்கு ராத்திரியோட போவுது. இவருக்கு இருபத்தி நாலு மணி நேரமும் போத" என்பாள். அவள் சொன்னது அட்டைத் துண்டுகளை.

பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை, மருந்துப் பெட்டி, எது கையில் கிடைத்தாலும் கன்னியப்பன் பிளேடை எடுத்துவிடுவார். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்த புதிரில் ஆரம்பித்தது அது. ஐந்து கட்டம் சேர்ந்த சிலுவை வடிவம் ஒன்றைக் கொடுத்து, இரண்டே வெட்டு வெட்டி, கிடைக்கிற நாலு துண்டையும் சேர்த்து ஒரு சதுரமாக்கு என்றிருந்தது. அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது. துண்டுகள் மேஜைமேல் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று இடித்தது. பத்தாம் நாள் பெருநகர் பஸ்ஸில் நின்றபடி வரும்போது, கண்டக்டரிடம் ரூபாய் நோட்டை நீட்டுகிற நேரத்தில், மண்டைக்குள் ஒரு துண்டு தானாகத் திரும்பியது. மற்ற மூன்றும் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. இடுக்கு இல்லை, மிச்சம் இல்லை. சில்லறையை வாங்காமலே இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு விடவில்லை. பகலெல்லாம் அவர் எழுதுவது எதிலும் ஒன்றோடொன்று பொருந்தாத சங்கதிகள். பட்டாவில் ஒரு பெயர், பழைய பத்திரத்தில் வேறு பெயர். அண்ணன் சொல்லும் எல்லை ஒன்று, தம்பி சொல்வது ஒன்று. அட்டைத் துண்டுகளுக்கு அந்த வம்பு கிடையாது. சரியான வெட்டு ஒன்று எங்கேயோ இருக்கும். கண்டுபிடித்துவிட்டால் யாரும் அதை எதிர்த்துப் பேச முடியாது. அந்த நிச்சயம் அவருக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதம். சாலவாக்கம் பக்கத்திலிருந்து பச்சமுத்து தன் தம்பிகள் ஏகாம்பரம், தேசிங்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். இன்னொரு தம்பி வரதன் முந்தின வருஷம் பாம்பு கடித்துச் செத்துப்போனான். இவள் அவன் சம்சாரம், சொக்கம்மாள். அப்பா சடையப்பனும் காலமாகிவிட்டதால் நிலத்தைப் பாகம் பிரிக்க வேண்டும்.

"மூணு காணி, ரைட்டரே. நாலு பங்கு," என்றார் பச்சமுத்து. "மூணு பங்கா இருந்தா ஆளுக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கினு போயிருப்போம். இப்ப எப்படிப் பிரிக்கறதுன்னு நாலு மாசமா பேஜாரா கீது."

கணக்குப்பிள்ளை வரைந்து கொடுத்திருந்த நில வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். கன்னியப்பன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மூன்று சதுரங்கள். கீழே இரண்டு பக்கத்தில் பக்கத்தில், மேலே இடதுபக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் அசலாக ஒரு காணி, நூறு குழி. நாலாவது சதுரம் இருக்க வேண்டிய வலது மேல் மூலை அவர்களுடையது இல்லை. அங்கே சர்வே நம்பர் மட்டும் போட்டு, கரம்பு என்று எழுதியிருந்தது. ஏரி மதகிலிருந்து வரும் கால்வாய் மேற்கு ஓரமாக இறங்கி, மூலையில் திரும்பித் தெற்கு ஓரமாகப் போயிற்று.

இதே உருவத்தை அவர் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அட்டையில் வெட்டி முடித்திருந்தார். மூன்று சதுரம் சேர்ந்த இந்த முக்கால் உருவத்தை நாலு சமத் துண்டாக்கலாம். சமம் மட்டும் இல்லை, நாலும் அச்சாக ஒரே உருவம். அதிலும் விசேஷம், ஒவ்வொரு துண்டும் பெரிய உருவத்தின் குட்டி. மூன்று குட்டி ஓரங்களில் உட்காரும். நாலாவது குட்டி அவற்றின் நடுவில் போய்ப் பொருந்திக்கொள்ளும். கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்து, சொல்ல ஆள் இல்லாமல் தனியாகவே சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது மண்ணிலேயே அது வந்து எதிரில் நிற்கிறது.

"உக்காருங்க," என்று சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் வரைந்தார். ஆளுக்கு எழுபத்தைந்து குழி. கோல் பிசகாமல் நாலு பங்கு. மூன்று சகோதரர்களும் குனிந்து பார்த்தார்கள். அவர் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் காட்டினார். விளிம்புகூடப் பிசகவில்லை. பக்கத்து சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஆள்கூட எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ரைட்டருக்கு இன்னா மூள!" என்றான்.

சொக்கம்மாள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ரைட்டரய்யா, இந்த நடுவுல கீறது தண்ணியத் தொடலியே."

"எல்லாம் ஒரே அளவும்மா. ஒரு குழிகூடக் கொறச்சல் இல்ல."

"அளவு சரி. மேல கடசீல எழுபத்தஞ்சு குழிய ஒரு பட்டியா அளந்து வுட்டுடுங்க. கெழக்கால கடசீலயும் அப்பிடியே ஒரு பட்டி. மீதி கீறதுக்கு, கால்வா திரும்புற மூலையிலிருந்து உள்மூலைக்குக் குறுக்கால ஒரு வரப்பு போட்டா போச்சு. நாலு பேருக்கும் கால்வா கெடைக்கும்."

கன்னியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிற்காலத்தில் அவருக்கு எத்தனையோ தடவை ஞாபகம் வந்தது. "அது கோணல் மாணலா வரும்மா. ரெண்டு பங்கு நேரா, ரெண்டு பங்கு சாய்வா. கணக்குன்னு ஒண்ணு இருக்குதுல்ல? அடுப்பங்கரையில காய் நறுக்கற மாதிரி நறுக்கிட முடியுமா?"

ஆண்கள் சிரித்தார்கள். அவள் பின்னால் போய்விட்டாள்.

யாருக்கு எது என்ற பேச்சு வந்தது. "நாலும் ஒண்ணுதானே, எத எடுத்தா இன்னா?" என்றார் கன்னியப்பன். வயசுப்படி எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. பச்சமுத்து கால்வாய் திரும்பும் மூலையை எடுத்தார். ஏகாம்பரம் வடக்கு. வரதன் உயிரோடு இருந்திருந்தால் அடுத்தது அவன் முறை. "பொம்பள, கடசீல எடுத்துக்கட்டும்," என்றார் பச்சமுத்து. தேசிங்கு கிழக்கை எடுத்தான். நடுவில் இருந்தது சொக்கம்மாளுக்கு.

அன்று சாயங்காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னதையும்தான் போட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது. தப்பு என்று காகிதத்தில் பார்த்துவிட்டால் ஒரு திருப்தி. மேலே ஒரு பட்டி, எழுபத்தைந்து. கிழக்கே ஒரு பட்டி, எழுபத்தைந்து. மிச்சம் நூற்றைம்பது. மூலைக்கு மூலை ஒரு கோடு. இந்தப் பக்கம் எழுபத்தைந்து, அந்தப் பக்கம் எழுபத்தைந்து. நாலும் கால்வாயைத் தொட்டன. தாளும் பென்சிலும் இல்லாமல், இடுப்பில் குழந்தையோடு நின்றபடி அவள் போட்ட கணக்கு.

கன்னியப்பன் அந்தக் காகிதத்தை நாலாக மடித்தார். அவளுடைய வெட்டும் சரிதான். ஆனால் அழகாக இல்லை. ஒருவேளை நடுப் பங்குக்கு ஒரு வாய்க்கால் பாத்தியதை எழுதிவிடலாமா என்றும் யோசித்தார். எழுதினால் வாய்க்கால் யாராவது ஒருவன் பங்கில் ஓட வேண்டும். அவனுக்கு ஒன்றரைக் குழி குறையும். நாலும் ஒன்று என்பது போய்விடும். அத்தனை பேர் எதிரில் மூளைக்காரன் என்று பெயர் வாங்கியாயிற்று. இனி நான் சொன்னது தப்பு, அந்தப் பெண் சொன்னது சரி என்று எப்படிப் போய்ச் சொல்வது? அண்ணன் தம்பிக்குள் தண்ணீர் விட்டுக்கொள்ள மாட்டார்களா என்ன? மடித்த காகிதத்தை அடுப்பில் போட்டார். இரண்டாம் நாள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாயிற்று. சொக்கம்மாள் ரேகை வைத்துவிட்டுப் போனாள். எழுதிய ஏழு பக்கத்தில் தண்ணீர் என்ற வார்த்தை ஓரிடத்திலும் இல்லை.

அடுத்த மாதம் பச்சமுத்து இரண்டு மூட்டை நெல் அனுப்பினார். வரைபடத்தின் அழகுக்கு ஒரு சம்சாரி செய்த மரியாதை என்று கன்னியப்பன் நினைத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அந்தப் பங்கீட்டைச் சொல்லிக் காட்டினார்.

ஏழு வருஷம் ஓடிவிட்டது.

எண்பதாம் வருஷம் மாசியில் பச்சமுத்துவும் சொக்கம்மாளும் மறுபடி வந்தார்கள். அவரால் அவளை முதலில் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. கறுத்து, கன்னம் ஒட்டி, கைவிரல்கள் நாற்று நட்டு நட்டு வெடித்திருந்தன. சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.

"இது தன் எழுபத்தஞ்சு குழிய நம்மளுக்கே எழுதிக் குடுத்துடுது," என்றார் பச்சமுத்து. விலையைச் சொன்னார். பக்கத்து நிலங்கள் போகிற விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"இவ்ளோ கொறச்சலாவா?"

"அது கரம்பு, ரைட்டரே. ஒண்ணும் வெளையல."

கன்னியப்பன் பேனாவை எடுத்தார். நிலத்துக்கு நான்கு எல்லை எழுத வேண்டும். வடக்கில் ஏகாம்பரம் நிலம். மேற்கிலும் தெற்கிலும் பச்சமுத்து நிலம். கிழக்கில் தேசிங்கு நிலம். எழுதிக்கொண்டு வந்தவருக்குக் கை நின்றுவிட்டது. வழக்கமாக எந்தப் பத்திரத்திலும் எல்லையில் ஒரு வாய்க்காலோ ஒரு வண்டிப்பாதையோ வந்துவிடும். இதில் வரவில்லை. வராதபடி வரைந்தது தான்தான்.

"முத்திரைத்தாள் தீந்துபோச்சு. அடுத்த திங்கக்கெழம வாங்க," என்றார். பெட்டியில் தாள் இருந்தது. சொக்கம்மாள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் சாலவாக்கம் பஸ் ஏறினார். இறங்கி விசாரித்துக்கொண்டு கால்வாய்க் கரையோடு நடந்தார். ஏழு வருஷமாக எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவந்த அந்த நிலத்தை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்ணால் பார்த்தார்.

மூன்று பக்கமும் நவரைப் போகத்து நெற்பயிர் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. கால்வாயிலிருந்து உள்ளே போக அவருக்கு வழி தெரியவில்லை. பச்சமுத்துவின் வரப்பில் ஏறினார். வரப்பு ஒரு சாண் அகலம்கூட இல்லை. நடக்க விடக்கூடாது என்றே செதுக்கியிருந்தார்கள். தேசிங்கு நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "யாரது, வரப்ப மிதிக்கறது?" என்று கத்தினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி நடந்தார்.

பச்சைக்கு நடுவில் அந்தத் துண்டு வெளுத்துக் கிடந்தது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஓரங்களில் கோரை காய்ந்திருந்தது. கோரையைப் பார்த்ததும் இன்னொன்றும் புரிந்தது. மழைக்காலத்தில் மூன்று பக்கத்துத் தண்ணீரும் வடிந்து இதில் வந்து தேங்கும். வெளியே போக வடிகால் இல்லை. வேண்டும்போது தண்ணீர் இல்லாமல், வேண்டாதபோது மூழ்குகிற நிலம்.

வடகிழக்கு உள்மூலையில் மட்டும் இருபது முப்பது கத்தரிச் செடி உயிரோடு இருந்தது. அங்கே சொக்கம்மாள் நின்றிருந்தாள். எல்லைக்கு அந்தப்புறம் இன்னொரு பெண் குடத்தைச் சாய்க்க, இவள் தன் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் குடத்தில் படாமல் ஒரு முழம் உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்தது.

வரைபடத்தில் வெறும் இடமாக இருந்த அந்த நாலாவது சதுரத்தில் இப்போது ஒரு கிணறு இருந்தது. கல்லும் கரம்புமாகக் கிடந்ததை எழுபத்தைந்தில் காலனியைச் சேர்ந்த ஏசுதாசுக்குப் பட்டா கொடுத்தார்களாம். அவரும் அவர் மனைவி அம்முலுவும் மூன்று வருஷம் பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு. கன்னியப்பன் புதிர் போட்ட நாளிலிருந்து அந்த மூலையை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அட்டையில் அது வெட்டி எறிகிற பகுதி.

"இன்னா ரைட்டரய்யா, இவ்ளோ தூரம்?" என்றாள் சொக்கம்மாள்.

"நெலத்தப் பாக்கலாம்னு வந்தேன்."

"பாருங்க."

அவள் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் நின்றார்.

"மொத ரெண்டு போகம் பெரியவரு தயவுல தண்ணி வுட்டாரு," என்று அவளாகவே சொன்னாள். "அப்பறம், எங்களுக்கே பத்தல, ஓரமா வழிஞ்சா எடுத்துக்கன்னாரு. வழியவே இல்ல. பத்திரத்துல இருக்குதான்னு கேட்டாங்க. இல்லன்னு எனக்கே தெரியும். இங்க விதைச்சதைவிட அவுங்க நெலத்துல கூலிக்கு நட்டது ஜாஸ்தி."

"அம்மா," என்றார் கன்னியப்பன். "அன்னிக்கு நீ சொன்ன கணக்கு சரி. மூலைக்கு மூலை வரப்பு. வூட்ல போயி போட்டுப் பாத்தேன். நாலும் எழுபத்தஞ்சு, நாலும் தண்ணியத் தொட்டுது. பதிவுக்கு ரெண்டு நாள் இருந்துது. எனக்குத் தெரிஞ்சிதான் வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சிதான். என் படம் அழகா இருந்துதுன்னு..."

அந்தப்புறம் அம்முலு குடத்தோடு அப்படியே நின்றாள்.

"என் மச்சானுங்க மூணு பேரும் தெரிஞ்சி செஞ்சாங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் சொக்கம்மாள். "அவுங்க கண்ணப் பாத்தா தெரியாதா? ஆனா நீங்க படிச்சவரு, பயிர் வெக்காதவரு, அறியாம செஞ்சிட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஏளு வருசமா. என்னை வேணும்னு கெடுக்காத ஒரு ஆளாவது அன்னிக்கு அங்க இருந்தான்னு. அதையும் எடுத்துக்கினு போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

கன்னியப்பன் அந்த இடத்தைவிட்டு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்த வழியில் பயிருக்குள் இரண்டு தடவை கால் இறங்கிவிட்டது.

நேரே பச்சமுத்து வீட்டுக்குப் போனார். வேட்டியெல்லாம் சேறு. கையோடு கொண்டுவந்திருந்த புது வரைபடத்தை விரித்தார். சொக்கம்மாள் அன்று சொன்ன அதே பங்கீடு. அது வேண்டாமென்றால் மூன்றடிக்கு ஒரு வாய்க்காலாவது விடுங்கள் என்று கேட்டார்.

பச்சமுத்து வரைபடத்தைத் தொடவில்லை. "அன்னிக்கு இது கோணல்னு நீங்கதானே சொன்னீங்க? நான் பம்பு செட்டு போட்டுட்டேன். தம்பி தென்ன வச்சிட்டான். இப்ப வந்து வரப்ப மாத்துன்னா?"

"தப்பு என்னுதுதான். தெரிஞ்சிதான் கேக்கறேன்."

"இன்னா ரைட்டரே, புதுசா பேசறீங்க?" பச்சமுத்துவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நாலு மாசமா நாங்க தலையப் பிச்சிக்கினு இருந்தது எதுக்கு? அந்தப் பொண்ணுக்கு ஒரு பங்கும் குடுக்கணும், நமக்குக் கொறையவும் கூடாது. நீங்க பாத்து தோதா ஒரு வழி பண்ணிக் குடுத்தீங்க. அதுக்குத்தானே ரெண்டு மூட்ட நெல்லு அனுப்பினேன்? தெரிஞ்சிதானே வாங்கினீங்க?"

உள்ளே பெண்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டிருக்கும். கன்னியப்பன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்த நெல்லை எதற்கென்று நினைத்து வாங்கினேன் என்று சொன்னால் இந்த வீட்டில் யார் நம்புவார்கள்? அதைச் சொல்வது சொல்லாமல் இருப்பதைவிடக் கேவலமாக இருக்கும் என்று பட்டது. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அந்த நெல்லில் ஆண்டாளம்மாள் தீபாவளிக்கு முறுக்கு சுட்டிருந்தாள்.

வீட்டில் அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். ஆண்டாளம்மாள் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். நெல்லைப் பற்றியும் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை பச்சமுத்து தனியாக வந்தார். "எங்க, சொக்கம்மா வந்தாளா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தார். பதினொரு மணி பஸ்ஸில் அவள் வந்தாள். கூட ஏசுதாசும் அம்முலுவும்.

"விக்கல," என்றாள் சொக்கம்மாள் கன்னியப்பனிடம். "வேற ஒண்ணு எழுதணும். என் எழுபத்தஞ்சுல இருபத்தஞ்சு குழி இவுங்களுக்கு. அதுக்குப் பதிலா இவுங்க கேணியிலிருந்து மிச்ச அம்பதுக்குத் தண்ணி, வண்டி போவ வழி, மழைத் தண்ணி வடிய ஒரு கால்வா. எனக்கும், என் பொண்ணுக்கும், அது புள்ளைக்கும்."

"எங்க நெலம் பாறை, ஐயா," என்றார் ஏசுதாஸ். "தண்ணி இருக்குது, மண்ணு இல்ல. இந்தம்மாகிட்ட மண்ணு இருக்குது. ரெண்டு வருசமா இதப் பேசிக்கினுதான் இருந்தோம். இந்தம்மாவுக்குத்தான் சொந்தக்காரங்க பயம்."

அதற்குள் பச்சமுத்து தெருவைத் தாண்டி வந்துவிட்டார். "இன்னா சொக்கம்மா இது? காலனி ஆளுக்கு நம்ம நெலத்த எழுதிக் குடுக்கறியா? நாளைக்கு ஊர்ல தல காட்ட முடியுமா?"

"ஏளு வருசமா தண்ணி கேட்டப்ப அது என் நெலம், என் பாடுன்னீங்க. இன்னிக்கு நம்ம நெலம் ஆயிடுச்சா?" என்றாள் அவள். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "நீங்க ஊர்ல தல காட்டுங்க. நான் பயிரு வெக்கிறேன்."

பச்சமுத்து கன்னியப்பன் பக்கம் திரும்பினார். "ரைட்டரே, இத நீங்க எழுதக் கூடாது."

"எழுதுவேன்," என்றார் கன்னியப்பன். பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. பேனா பிடித்த கை மேஜைக்குக் கீழே இருந்தது.

முத்திரைத்தாளை எடுத்து வைத்தபோது சொக்கம்மாள் தடுத்தாள். "இங்க உக்காந்து எழுத வேணாம். மொதல்ல வந்து நடந்து பாருங்க."

மறுநாள் அவர் மறுபடி போனார். இந்தத் தடவை ஏசுதாஸ் நிலத்து வழியாக. சொக்கம்மாள் முன்னால் நடந்து எல்லையைக் காட்டினாள். கிழக்குக் கோடிச் சதுரத்தைக் கொடுப்பதாகப் பேச்சு. ஆனால் கோடு நேராகப் போகவில்லை. கத்தரிச் செடிகள் அவள் பக்கம் வர வேண்டும் என்று ஓரிடத்தில் உள்ளே வளைந்தது. கிணற்றுத் தண்ணீர் மேட்டிலிருந்து இறங்குவதற்காக இன்னோரிடத்தில் வெளியே தள்ளியது. ஏசுதாஸ் ஒரு குச்சியால் கீறிக்கொண்டே வந்தார். கன்னியப்பன் குனிந்து ஒவ்வொரு வளைவையும் அளந்து எழுதிக்கொண்டார். வெயில் ஏறிவிட்டது. அம்முலு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா என்று யோசித்தபடி தள்ளியே நின்றாள். அவர் போய் வாங்கிக் குடித்தார். அதற்காக யாரும் அவரை மெச்சவில்லை. மெச்சுவார்கள் என்று ஒரு கணம் எதிர்பார்த்ததை நினைத்து அவருக்கு மறுபடியும் கூசியது.

பத்திரம் தயாரான அன்று நாலு பேரும் பதிவு ஆபீசுக்கு எதிரில் அவர் மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். கன்னியப்பன் வழக்கம்போலப் படித்துக் காட்டுவதற்காகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க படிக்க வேணாம்," என்றாள் சொக்கம்மாள். "அம்முலு படிக்கட்டும். பைபிள் படிக்கறவ."

காகிதத்தை அவர் கொடுத்தார். அம்முலு விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நீளமான பத்திர வாசகங்களில் நாக்குத் தடுக்கியது. திரும்பவும் படித்தாள். ஆபீசுக்குள் பேர் கூப்பிட்டார்கள்; யாரும் நகரவில்லை. சைக்கிள் கடைக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னியப்பன் தன் மேஜைக்கு எதிரில், வருகிறவர்கள் நிற்கிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் பக்கத்தில் சொக்கம்மாள் நிறுத்தச் சொன்னாள்.

"தண்ணின்னு எங்க எழுதியிருக்குது? காட்டு."

அம்முலு ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இங்க. அப்பறம் இங்கயும்."

படிக்கத் தெரியாத சொக்கம்மாள் அந்த இரண்டு இடத்தையும் குனிந்து பார்த்தாள். கன்னியப்பனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"சரி, மேல படி," என்றாள்.